மெஷினில் 27, ஜிம்மில் 19, டேப்பில் 24: எதை நம்புவது?

கேள்வி: எனக்கு வயது 38, உயரம் 170 செ.மீ., எடை 72 கிலோ. ஆன்லைனில் வாங்கிய ஸ்மார்ட் எடை மெஷின் உடம்பில் கொழுப்பு 27 சதவீதம் என்கிறது. அதுவும் காலையில்தான், சாயங்காலம் ஏறினால் 25. ஜிம்மில் ஒரு இடுக்கியால் தோலைக் கிள்ளிப் பார்த்து 19 என்றார்கள். இஞ்ச் டேப்பால் அளந்து (கழுத்து 38 செ.மீ., வயிறு 94 செ.மீ.) இணையத்தில் கணக்குப் போட்டால் 24 வருகிறது. எது சரி? டெக்ஸா ஸ்கேன் (எக்ஸ்ரே மூலம் உடல் கொழுப்பை அளப்பது) எடுத்துவிடலாமா? அப்பாவும் (சர்க்கரை உண்டு, பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்) இதே மெஷினில்தான் எடை பார்க்கிறார்.

பதில்: போகிறபோக்கில் கடைசியாக எழுதினீர்களே, அதற்குத்தான் முதல் பதில். அப்பாவை இனி அந்த மெஷினில் ஏற விடாதீர்கள். கொழுப்பு பார்க்கும் மெஷின்கள் எல்லாம் உள்ளங்கால் வழியாகச் சின்னதாக ஒரு மின்சாரத்தை உடம்புக்குள் அனுப்புகின்றன. நமக்குத் தெரியக்கூடத் தெரியாது, ஆனால் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று கூடவே வரும் கையேட்டிலேயே போட்டிருப்பார்கள், நாம்தான் படிப்பதில்லை. இத்தனை நாள் ஏறியதற்காகப் பதற வேண்டாம். அடுத்த முறை இதய மருத்துவரிடம் போகும்போது சொல்லிவிடுங்கள். அப்பாவுக்குச் சாதாரண எடை மெஷின் போதும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். மூன்றில் எதுவுமே கொழுப்பை நேரடியாக அளக்கவில்லை, வேறு எதையோ அளந்து கொழுப்பை ஊகிக்கின்றன. மெஷின் அளப்பது மின்தடையை. தண்ணீர் உள்ள தசையில் மின்சாரம் எளிதாக ஓடும், கொழுப்பில் ஓடாது. அதை வைத்து உடம்பில் இவ்வளவு தண்ணீர், ஆகவே இவ்வளவு தசை, மிச்சமெல்லாம் கொழுப்பு என்று உங்கள் எடை, உயரம், வயது எல்லாம் சேர்த்து ஒரு கணக்குப் போடுகிறது. காலையில் உடம்பு வறண்டிருக்கும், தடை கூடும், கொழுப்பு 27. சாயங்காலத்துக்குள் காலில் நீர் இறங்கியிருக்கும், தடை குறையும், 25. நடுவில் உங்கள் கொழுப்பு ஒரு கிராம்கூடக் கரையவில்லை. இன்னொன்று, மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடுவதால் தொப்பையை அது ஏறக்குறைய பார்ப்பதே இல்லை.

நம்பிக்கை வரவில்லை என்றால் இரண்டு கிலோ அரிசிப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறிப் பாருங்கள். அந்த எடையில் பெரும்பகுதியை மெஷின் உங்கள் கொழுப்புக் கணக்கில் எழுதிவிடும். ஆப்பில் ‘அத்லெட்’ என்று மாற்றிப் பாருங்கள், ஒரே நொடியில் இளைத்துவிடுவீர்கள்!

ஜிம்காரர் சொன்ன 19-ஐத்தான் நான் முதலில் ஓரங்கட்டுவேன். இடுக்கி அளவு அதைப் பிடிக்கிற கையைப் பொறுத்தது. ஒரு விரல்கடை தள்ளிக் கிள்ளினால் எண் மாறும், தசையையும் சேர்த்துப் பிடித்தால் மாறும். நல்ல கை என்றாலும் தோலுக்கு அடியில் இருப்பது மட்டும்தான் அகப்படும். நம்மவர்களுக்குப் பிரச்சினையோ வயிற்றுக்குள்ளே, ஈரலையும் குடலையும் சுற்றி இருக்கிற கொழுப்பு. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் புணே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த ஒரு படம் வந்தது. இருவருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) ஒன்றுதான், 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2! மாணவர்களுக்கு அதைக் காட்டினால் வேறு விளக்கமே தேவைப்படாது.

உங்கள் டேப் கணக்கு அமெரிக்கக் கடற்படைக்காக 1984-இல் போடப்பட்ட சூத்திரம். அதில் 94-ஐப் போட்டால் 24.3, டேப் கொஞ்சம் தளர்ந்து 96 என்று வந்தால் 25.6. 2018-இல் வந்த இன்னொரு சூத்திரம் இன்னும் எளிது: ஆண்களுக்கு 64-இலிருந்து, உயரத்தை வயிற்றளவால் வகுத்து 20-ஆல் பெருக்கி வருவதைக் கழித்தால் போதும் (பெண்களுக்கு 64-க்குப் பதில் 76). உங்களுக்குக் கிட்டத்தட்ட 28 வருகிறது. அதே டேப், அதே வயிறு! இந்த முறைகள் எல்லாமே மூன்று நான்கு புள்ளி முன்பின் தவறும், மெஷின் சில பேருக்கு அதைவிடவும் தவறும். என்னைக் கேட்டால் நீங்கள் 25-ஐ ஒட்டி எங்கோ இருக்கிறீர்கள், அதற்கு மேல் துல்லியம் வீட்டில் கிடைக்காது. டெக்ஸா இவற்றைவிட நல்ல அளவுதான், ஆனால் அதிலும் ஒன்றிரண்டு புள்ளி வித்தியாசம் வரும். உங்களுக்கு அது தேவையில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய எண் 94 தான். இந்திய ஆண்களுக்கு 90-க்குள் இருக்க வேண்டும், உயரத்தில் பாதி என்று பார்த்தால் உங்களுக்கு 85. பிஎம்ஐ 24.9 என்பதால் ‘நார்மல்’ என்று எங்காவது காட்டியிருக்கும். நம் ஊர்க் கணக்கில் 23-க்கு மேலேயே அதிக எடைதான். பேன்ட் சைஸ் 34 தானே என்று சமாதானம் சொல்லாதீர்கள், பேன்ட் நிற்பது தொப்பைக்குக் கீழே. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்முனைக்கும் நடுவில், சட்டையைத் தூக்கிவிட்டு, வயிற்றை எக்காமல், மூச்சைச் சாதாரணமாக விட்டு முடித்த நேரத்தில் அளக்க வேண்டும். மூன்று தடவை எடுத்து நடு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

மெஷினைத் தூக்கிப் போட வேண்டாம். வாரம் ஒரு நாள், காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்து, எதுவும் குடிக்கும் முன், துடைத்த காலோடு ஏறுங்கள். அன்றே டேப்பும். 27 உண்மையா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல், மூன்று மாதத்தில் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். டெக்ஸாவுக்கு வைத்திருந்த பணத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), கொலஸ்ட்ரால், ஈரலில் கொழுப்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வயிற்று அல்ட்ராசவுண்ட், இவற்றை எடுத்துவிடுங்கள். அப்பாவுக்குச் சர்க்கரை, உங்களுக்கு 94, இதில் மெஷின் எத்தனை காட்டினாலும் நான் இதைத்தான் எழுதிக்கொடுப்பேன். ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள்.