தையில் ஏது கார் அறுப்பு?

கேள்வி: வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக நாவல் எழுதுகிறீர்களாமே. உங்கள் ஒரு நாள் எப்படிப் போகிறது? எனக்கும் அந்த ஆசை உண்டு.
– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: காலை 4:30க்கு எழுந்துவிடுவேன். எங்கள் கல்லிடைக்குறிச்சித் தெருவில் அப்பளம் காயப்போட ஆள் வருவதற்குள் 2 பக்கம் கையால் எழுதியாக வேண்டும். தட்டச்சு மத்தியானம்தான். காலையிலேயே கணினியைத் திறந்தால் பழையதைத் திருத்தத்தான் கை போகிறது.

எழுதுவதைவிட விசாரிப்பதற்குத்தான் அதிக நேரம் வேண்டும். கார் பருவ நெல் அறுப்பு முடிந்த கையோடு, தை மாதத்தில் ஒரு கல்யாணம் நடப்பதாக எழுதியிருந்தேன். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல் போடும் பெரியப்பா வாசித்துவிட்டு, “தையில ஏதுலே கார் அறுப்பு? அப்போ வயல்ல நிக்கது பிசானம்லா!” என்றார். உண்மைதான். கார் ஆனியில் தொடங்கி புரட்டாசி வாக்கில் முடிந்துவிடும். அதற்கப்புறம் மழையோடு நடுகிற பிசானம் மாசி, பங்குனியில்தான் களத்துக்கு வரும். கல்யாணத்தை ஐப்பசிக்கு மாற்றினேன். உடனே வடகிழக்குப் பருவமழை கதைக்குள் வந்துவிட்டது. பந்தல் நனைந்தது, காயப்போட்ட நெல் முளைவிட்டது, பெண்ணின் தகப்பனார் கடனுக்கு அலைந்தார். 3 அத்தியாயங்களைப் புதிதாக எழுதினேன். நாவலிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தவை அவைதான்.

2 வருட வீட்டுச் செலவைச் சேர்த்த பிறகே வேலையை விட்டேன். அதைச் சேர்க்காமல் நீங்கள் விடாதீர்கள், அம்மா.

சாயங்காலம் தாமிரபரணிப் படித்துறையில் உட்கார்ந்து, அன்று எழுதியதை வாய்விட்டு வாசிப்பேன். நாக்கில் இடறுகிற வரியை அங்கேயே அடித்துவிடுவேன்.