இரண்டு வாரம் போய் வந்தால் சர்ஜன்கள் உருவாவார்களா?

கேள்வி: நான் பர்மிங்காமில் பொது அறுவை சிகிச்சை நிபுணர். எங்கள் மருத்துவமனையும் ஸாம்பியாவில் உள்ள ஒரு மருத்துவமனையும் கூட்டு ஒப்பந்தம் போடப் பேசிக்கொண்டிருக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு வாரம் ஐந்து பேர் போய் ஆபரேஷன் செய்து, சொல்லிக்கொடுத்துவிட்டு வருவதாகத் திட்டம். இதனால் அங்கே உண்மையில் சர்ஜன்கள் உருவாவார்களா?

பதில்: இந்த வடிவத்தில் உருவாக மாட்டார்கள். சில நோயாளிகளுக்கு நல்லது நடக்கும், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் வருகிறீர்கள் என்று கேஸ்களைச் சேர்த்து வைப்பார்கள், அவற்றை நீங்களே செய்வீர்கள், அங்கே பயிற்சியில் இருக்கும் டாக்டர், வெட்டிய இடத்தை விரித்து வைக்கும் ரிட்ராக்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். செய்த ஆபரேஷன்களைப் பதிந்து வைக்கும் அவருடைய லாக்புக்கில் ஏறியிருக்க வேண்டிய ஆபரேஷன்கள் அவை.

ஸாம்பியாவில் சர்ஜன்களை உருவாக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. 1999-இல் தொடங்கிய கோசெக்சா, அதாவது கிழக்கு, மத்திய, தெற்கு ஆப்பிரிக்க சர்ஜன்கள் கல்லூரி, தான்சானியாவின் அருஷாவில் இயங்குகிறது. பெயர்தான் கல்லூரி, வளாகம் கிடையாது. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டும். இரண்டு ஆண்டுப் பயிற்சிக்குப் பின் உறுப்பினர் தேர்வு, மேலும் சில ஆண்டுகள் கழித்து ஃபெலோஷிப் என்ற உயர்தகுதி. எல்லா உறுப்பு நாடுகளுக்கும் ஒரே தேர்வு.

2007 முதல் அயர்லாந்தின் ராயல் சர்ஜன்கள் கல்லூரி, அந்நாட்டு அரசின் நிதியுதவியோடு இதற்குத் துணை நிற்கிறது. அந்தக் கூட்டின் முக்கிய வேலை இணையவழிப் பாடம், மின்னணு லாக்புக், தேர்வு நடத்தும் முறை, பயிற்றுநர்களுக்கே பயிற்சி என்று போனது. பார்க்கப் பளிச்சென்று இருக்காது, படமெடுத்துப் போடவும் ஒன்றுமில்லை. நன்கொடையாளர்களுக்கு இது அலுப்பாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் நிலைத்து நிற்பது இதுதான். அந்த வட்டாரத்தில் பயிற்சி முடித்த சர்ஜன்களைத் தேடிக் கணக்கெடுத்த ஓர் ஆய்வில், சுமார் 85 சதவீதம் பேர் பயின்ற நாட்டிலேயே வேலை செய்வது தெரியவந்தது. வெளிநாட்டுக்குக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தால் திரும்பிப் போவாரா என்ற பழைய கவலைக்கு, சொந்த ஊரிலேயே கிடைக்கும் பட்டம் நல்ல மாற்று.

அதனால் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, அந்த மருத்துவமனைக்குக் கோசெக்சா அங்கீகாரம் இருக்கிறதா என்பது. இல்லையென்றால் எது குறைகிறது? மயக்க மருந்து நிபுணரா, பயிற்றுநரா, கேஸ் எண்ணிக்கையா? அந்தக் குறையை நிரப்புவதே உங்கள் ஒப்பந்தத்தின் வேலை. ஐந்து பேர் இரண்டு வாரம் போவதை விட ஒருவர் மூன்று மாதம் இருப்பது மேல். அவர் முடித்துத் திரும்பும்போது அடுத்தவர் போகட்டும். அந்த வரிசையில் மயக்க மருந்து டாக்டரும் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸும் கட்டாயம் இருக்க வேண்டும். சர்ஜன் மட்டும் தேறி, மயக்க மருந்து கொடுக்க ஆளில்லை என்றால் தியேட்டர் திறக்காது. வெளிநாடுகளிலிருந்து வருபவர்களுக்குப் பயிற்சி தரும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் லைகோ நிறுவனம், கண் டாக்டரோடு நிறுத்தாமல் நிர்வாகிகளையும் பணியாளர்களையும் சேர்த்தே பழக்குவதும் இதனால்தான்.

போகிற இடம் மாவட்ட மருத்துவமனை என்றால் கதை வேறு. அங்கே சர்ஜனே இல்லாமல் இருக்கலாம். டாக்டர் பட்டம் இல்லாத ‘மெடிக்கல் லைசென்ஷியேட்’ என்ற பிரிவினர்தான் சிசேரியனும் குடலிறக்க ஆபரேஷனும் செய்வார்கள். அவர்களைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள், கிராமங்களில் உயிரைக் காப்பாற்றுபவர்கள் அவர்கள். அவர்களுக்குத் தேவை தொடர்ந்த மேற்பார்வை. அதையும் நீங்கள் நேரடியாகச் செய்வதைவிட, அருகிலுள்ள பெரிய மருத்துவமனையின் ஸாம்பிய சர்ஜன் மாதாமாதம் போய்வர வண்டிச் செலவு கொடுங்கள்.

எதைக் கற்றுக்கொடுப்பது என்பதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. 2015-இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் மூன்று ஆபரேஷன்களை உரைகல்லாக வைத்தது: சிசேரியன், வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை, தோல் கிழிந்த எலும்பு முறிவுக்கான சிகிச்சை. இவை மூன்றும் நடக்கிற மருத்துவமனை மற்ற பலவற்றையும் சமாளிக்கும் என்பது அதன் கணக்கு. உங்களுக்குக் கைவந்த லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளை வழியே செய்யும் ஆபரேஷன், அந்தப் பட்டியலில் இல்லை. டைஃபாய்டில் குடல் ஓட்டையாகி வருபவரைப் பர்மிங்காமில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள்? அந்த கேஸில் அங்குள்ள டாக்டர்தான் உங்களுக்கு வாத்தியார்.

கருவி அனுப்புவதாக யாராவது பேச்செடுத்தால், உதிரி பாகம் ஸாம்பியாவில் கிடைக்குமா, பழுது பார்க்க ஆள் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் அனுப்ப வேண்டாம்.

அப்புறம், கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு வரிகளை ஒப்பந்தத்தில் சேருங்கள். யார், எப்போது வர வேண்டும் என்பதை ஸாம்பியத் தரப்புதான் முடிவு செய்யும். பயிற்சி டாக்டர் செய்யக்கூடிய ஆபரேஷனில் வெளியிலிருந்து வருபவர் உதவியாளராகத்தான் நிற்பார். அவை போக, அந்நாட்டு மருத்துவத் தொழில் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு இல்லாமல் கத்தியைத் தொடக் கூடாது. அதற்குப் பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் (ஜிஎம்சி) தரும் நன்னடத்தைச் சான்று கேட்பார்கள், இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.