சாமி, நீங்க எந்த ரெஜிமெண்ட்? – வாசகர் கேள்வி பதில்

போன மாசம் கதிர்காம முருகனிட்ட உகந்தைக் காட்டு வழியால நடந்து போற பாதயாத்திரை பத்தி ரெண்டு பந்தி எழுதினன், அதுக்கு வந்த கடிதத்திலயும் வட்ஸ்அப்பிலயும் பாதி ஒரே விசயம்தான்: முந்தி ஆமியில, புலிகள் இயக்கத்தில, பொலிசில இருந்த ஆக்கள் நடக்க வாறது, வந்தா பழசைக் கதைக்கிறது, கதைக்காம விடுறது. அதால இந்த முறை முழுக்க அதுதான். தலைமுடி கொட்டுற கேள்வி அனுப்பின நாலு பேரும் கோவிக்காதீங்க, அடுத்த மாசம் பாப்பம்.

அக்கா, அமெரிக்காவில மலைப் பாதையில நடக்கிற முன்னாள் ராணுவ ஆக்கள் சந்திச்ச உடனயே எந்த யூனிட், எந்த வருசம், எங்க இருந்தீங்க எண்டு கேட்டுத்தான் அறிமுகமாகிறாங்களாம். நம்மட பக்கம் ஒருத்தரும் அப்பிடிச் சொல்றல்லியே, ஏன்? – கல்லடி

தம்பி, அவங்களுக்கு அது வெறும் பெருமைக் கதை இல்ல. ‘இன்ன வருசம் இன்ன இடத்தில இருந்தன்’ எண்டு ஒரு வரி சொன்னாக் காணும், மத்தவருக்கு மிச்சம் விளங்கிடும், ராவில திடீரெண்டு எழும்பி இருந்தாலும் ஏன் எண்டு கேக்க மாட்டார். அங்க அப்பலாச்சியன் பாதை எண்டு ஒண்டு இரிக்கு, இப்ப கிட்டத்தட்ட 3,500 கிலோமீற்றர். அதை ஒரே மூச்சில முழுசா நடந்து முடிச்சதா முதல் பதிவான ஆளே சண்டைக்குப் போய் வந்தவர்தான், ஏர்ள் ஷாஃபர் எண்டு பேர். ரெண்டாம் உலக யுத்தத்தில பசிபிக் பக்கம் சிக்னல் பிரிவில இருந்தவர். சண்டை முடிஞ்சு சேர்ந்து நடப்பம் எண்டு பேசி வைச்ச சின்ன வயசுக் கூட்டாளி இவோ ஜீமாவில செத்துப் போனான், அதால இவர் 1948 ல தனிய வெளிக்கிட்டு 124 நாளில முடிச்சார். ‘உடம்பில ஏறின சண்டையை நடந்து இறக்கத்தான் போறன்’ எண்ட மாதிரிச் சொல்லியிருக்கார். முதல்ல பாதைச் சங்கத்து ஆக்களே நம்பல்ல, எழுதி வைச்ச குறிப்பையும் எடுத்த படத்தையும் காட்டித்தான் நம்ப வைச்சவர். 1998 ல 79 வயசில திரும்பவும் முழுசா நடந்தார், நமக்கு உன்னிச்சைக் குளக்கட்டு ஒருக்கா நடந்தாலே மூச்சு வாங்குது! பிறகு ஈராக், ஆப்கானிஸ்தான் போய் வந்த ஷோன் கோபின் எண்ட அமெரிக்க மெரின் படை ஆள் 2012 ல அதே பாதை நடந்து முடிச்சு, தன்ன மாதிரி ஆக்களை இப்பிடி நீளப் பயணம் அனுப்பவே ஒரு அமைப்புத் தொடங்கினார்.

ஆனா ஒண்டு பாருங்க, அங்க எல்லாரும் ஒரே அரசாங்கத்துக்குச் சண்டை பிடிச்சவங்க, வந்தா அரசாங்க உதவி, ஊரில மரியாதை. இங்க ஒரே ரோட்டில நாலு வீடு தள்ளி நாலு பக்கம் நிண்ட ஆக்கள். ஒருத்தர் 2004 ல இயக்கத்தில கிழக்கு பிரிஞ்ச நேரம் வீட்ட வந்தவர், ஒருத்தர் 2009 க்குப் பிறகு புனர்வாழ்வுக்குப் போன 12,000 பேர் வரைக்கும் எண்டு சொல்ற கணக்கில ஒராள், ஒருத்தர் பள்ளிக்கூட வயசில இயக்கத்துக்குப் பிடிச்சுக் கொண்டுபோகப்பட்டவர், அடுத்த வீட்டில ஊர்காவல் படை. இவங்க ஆளை ஆள் கண்டு ‘எந்த யூனிட்’ எண்டு கேட்டா அது அறிமுகம் இல்ல மனெ, விசாரணை.

பேர் போட வேணாம் அக்கா. நான் இயக்கத்தில ஆறு வருசம் இருந்தன், இப்ப மேசன் வேலை. வாற முறை உகந்தையால நடந்து போக ஆசை, ஆனா கூட்டத்தில முந்தி என்ன செஞ்சீங்க எண்டு கேட்டா என்ன சொல்றது? பொய் சொல்லிட்டு முருகனிட்ட போக மனம் வருதில்ல. – படுவான்கரை

உங்களுக்குத்தான் நான் கூட எழுதணும். முதல் விசயம், பாதயாத்திரையில உங்கட பேரே யாருக்கும் தேவையில்ல. ஆம்பிள பொம்பிள, டொக்டர் மேசன் எல்லாம் சாமிதான், ‘சாமி தண்ணி இரிக்கா’, ‘சாமி கொஞ்சம் ஒதுங்குங்க’, அவ்வளவுதான். அமெரிக்கப் பாதையிலயும் இப்பிடி ஒரு பட்டப்பேர் வைச்சுத்தான் கூப்பிடுறாங்களாம், ஆனா அங்க ஆளுக்கொண்டு, இங்க எல்லாருக்கும் ஒண்டு, நம்மட முறைதான் நல்லம் எண்டு எனக்குப் படுது.

நான் ரெண்டு முறை நடந்தனான். முதல் முறை எங்கட கூட்டத்தில ஒருத்தர் வந்தார், நாப்பது நாப்பத்தஞ்சு வயசிருக்கும், உகந்தையில காட்டுக் கேற் திறந்து உள்ள போனதில இருந்து முன்னுக்குப் போறவர்ர கால் தடத்தில மட்டும்தான் கால் வைப்பார், ஒரு அடி விலகினாலும் நிண்டு பாத்துத்தான் வைப்பார், நாங்க பின்னுக்கு வாற பொம்பிளைகள் முதல்ல சிரிச்சம், முள்ளுக்குப் பயம் போல எண்டு. குமண தாண்டி, கும்புக்கன் ஆத்தில குளிச்சு, நாவலடி போய் எல்லாம் ஒரு சொல்லும் இல்ல. வியாழையில ராவு கஞ்சி குடிச்சிட்டு இருக்கக்குள்ள தானாச் சொன்னார், ‘மைன்ஸ் பழக்கம் அக்கா, போகுதில்ல’ எண்டு. எந்தப் பக்கம் நிண்டவர் எண்டு நான் கேக்கல்ல, அவரும் சொல்லல்ல, கண்ணிவெடி ரெண்டு பக்கத்துக்கும் பொதுதானே. அடுத்த நாள் அவரை முன்னுக்கு விட்டு நாங்க அவர்ர தடத்தில நடந்தம். எனக்குக் கால் கொப்புளம் எல்லாம் அதோட மறந்து போச்சு, உண்மையில மறக்கல்ல, கட்டகாமம் வரைக்கும் அழுதுகொண்டுதான் போனன், அது வேற கதை.

அதால யாரும் கேட்டா ‘இப்ப மேசன் வேலை சாமி’ எண்டு சொல்லுங்க, அது பொய் இல்ல, கேட்டவருக்கு அது காணும். காட்டுக்குள்ள அஞ்சாறு நாள், அதுக்குள்ள உங்களுக்குச் சொல்லணும் போல ஒராள் அம்பிட்டா சொல்லுங்க, அம்பிடாட்டி விடுங்க. போன் பிடிச்சு வீடியோ எடுக்கிற பொடியன்கள் முன்னால மட்டும் வேணாம், உங்கட கதை டிக்டொக்கில போறத்துக்கு இல்ல. உடம்புக்குள்ள ஷெல் பீஸ் கிடக்கு, வலிப்பு வாறது, ராவில கத்துறது எண்டு ஏதும் இருந்தா கூட்டத்தைக் கூட்டிட்டுப் போற தலைவர் சாமியிட்ட முதல் நாளே தனிய சொல்லி வைங்க.

எங்கட ஆபிஸால 14 பேர் குடும்பிமலை ஏறப் போனம். அதில ஒருத்தர் ரிட்டயர்ட் ஆமி, சிங்கள ஆள், நல்ல மனிசன். மேல போனதும் ‘2007 ல நாங்க இந்தப் பக்கத்தாலதான் வந்தம்’ எண்டு கையைக் காட்டிக் காட்டி அரை மணித்தியாலம் கதைச்சார். எங்களோட வந்த கிரான் பக்கத்து அக்கா ஒருத்தி பேசாம இறங்கிப் போயிட்டா. யாரில பிழை? – அம்பாறை

ரெண்டு பேரிலயும் இல்ல, இடத்தைத் தெரிவு செஞ்ச ஆக்களில கொஞ்சம் பிழை. அந்த மலைக்கே ரெண்டு பேர். நமக்குக் குடும்பி, அவங்களுக்குத் தொப்பி, தொப்பிகல. 2007 ஜூலை 11, ஆமி அந்த மலையைப் புலிகளிட்ட இருந்து பிடிச்ச நாள், அவருக்கு உயிர் தப்பி வெண்ட நாள், அவர்ர கூட்டாளி யாரும் அங்க செத்திருக்கலாம், அதைச் சொல்ல அவருக்கும் வேற இடம் இல்ல. அதே வருசம் மட்டக்களப்பு மாவட்டத்தில லட்சத்துக்கு மேல சனம் சட்டி பானையோட இடம்பெயர்ந்து கொட்டிலுக்குள்ள கிடந்தது, அந்த அக்காவும் அதுக்குள்ள இருந்திருப்பா.

அடுத்த முறை போகக்குள்ள மலையேற முதலே அவரிட்டச் சொல்லுங்க, ‘இந்த ஊர் ஆக்களும் எங்களோட வாறாங்க’ எண்டு, அவ்வளவும் காணும், நல்ல மனிசன் எண்டு நீங்களே எழுதியிருக்கீங்க. அவரோட சேர்ந்து நடக்கிற ஒராள் சண்டையைக் கேக்காம தண்ணிக்கு என்ன செஞ்சீங்க, என்ன சாப்பிட்டீங்க, மழைக்கு எங்க படுத்தீங்க எண்டு கேளுங்க, அதில அவரும் மனிசனாத் தெரிவார், மத்தவங்களுக்கும் கேக்க ஏலும். அக்காவிட்ட ஒண்டும் கேக்க வேணாம், சோத்துப் பார்சலைப் பிரிச்சு வைச்சுக்கொண்டு பக்கத்தில இருங்க.

முழங்காலுக்குக் கீழ செயற்கைக் கால். உகந்தையில இருந்து நடக்க ஏலுமா? – பொத்துவில்

காலை எங்க விட்டீங்க எண்டு நீங்க எழுதல்ல, தேவையுமில்ல. ஏலும் எண்டு ஒரே சொல்லில சொல்ல மாட்டன். முதல்ல பாணமையில இருந்து உகந்தை வரைக்கும் ஒரு நாள் நடந்து பாருங்க, அது ரோட்டு, ஏலாட்டி வாகனத்தில ஏறலாம். வெக்கையில வேர்த்து, மிச்சமிருக்கிற கால் சுருங்கி, செயற்கைக் காலின்ர குழிக்குள்ள லூசாகும், உரசும். ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கா கழட்டித் துடைச்சு சொக்ஸ் மாத்துங்க. சிவந்த அடையாளம் கொஞ்ச நேரத்தில மறையாட்டி அண்டைக்கு நடை காணும். ஆத்தில இறங்கக்குள்ள காலைக் கழட்டி யாரிட்டயும் குடுங்க, உங்களை ரெண்டு சாமி தூக்குவாங்க, வெக்கப்பட வேணாம், மணலும் தண்ணியும் சேர்ந்தா செயற்கைக் காலின்ர மூட்டு கெட்டிடும். மாத்துச் சொக்ஸ் ஆறு சோடி, பொலித்தீன் பேக்கில.