சீப்பு பட்டாலே வலிக்கிறதா? மாத்திரை போட்ட நேரத்தைப் பாருங்கள்

சிங்கப்பூர் ஈசூன் வாசகி (வயது 38) கேட்கிறார்: ஒற்றைத் தலைவலி தொடங்கி ஒரு மணி நேரத்தில் வலப்பக்கம் சீப்பு வைக்க முடியவில்லை. கொண்டை, தோடு, மூக்குக்கண்ணாடி எதுவும் ஆகாது. தலையணையில் கன்னம் பட்டாலும் எரிகிறது. இது தோல் நோயா?

தோலில் கோளாறு இல்லை. முகத்துக்கும் நெற்றிக்கும் உணர்வு தருகிற நரம்புதான் மூளையுறையின் பெரும்பகுதிக்கும் போகிறது. வலி ஓயாமல் வந்தால், மூளைத்தண்டில் அதை வாங்கும் நரம்பணுக்கள் உசுப்பேறிவிடுகின்றன. அதன்பின் சீப்பின் தொடுகையும் வலியாகவே பதிவாகிறது. இதற்கு 'அலோடினியா' என்று பெயர். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களில் பாதிப்பேருக்கு மேல் இது உண்டு. உசுப்பல் இன்னும் மேலே ஏறினால் கைத்தோலும் கூசும், வளையல்கூட உறுத்தும்.

கவனிக்க வேண்டியது நேரம். 2004இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், தோல் கூசாதபோது டிரிப்டான் (ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள மருந்து) மாத்திரை போட்ட தலைவலித் தாக்குதல்களில் 93% முழுதாக அடங்கின. கூசத் தொடங்கிய பிறகு போட்டவற்றில் அடங்கியவை 15% மட்டுமே. "இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று எம்ஆர்டி ரயிலில் வீடு வந்து சேர்வதற்குள் அந்த நேரம் கடந்துவிடுகிறது. மாத்திரை வீட்டு அலமாரியில் அல்ல, கைப்பையில் இருக்கட்டும். டிரிப்டானுக்கு மருத்துவர் சீட்டு வேண்டும். இதய நோயோ கட்டுக்கடங்காத ரத்த அழுத்தமோ இருந்தால் அது கூடாது.

அதற்காகத் தினமும் விழுங்கவும் கூடாது. டிரிப்டான் மாதத்தில் 10 நாள், பனடோல் (பாராசிட்டமால்) 15 நாள் என்ற அளவை மாதக்கணக்கில் எட்டினால் மருந்தே தலைவலியை வளர்க்கும். நாள்காட்டியில் வலி தொடங்கிய மணி, தோல் கூசிய மணி, மாத்திரை போட்ட மணி மூன்றையும் குறித்துப் பாலிகிளினிக்குக்கு எடுத்துச் செல்லுங்கள். தாக்குதல் அடிக்கடி வந்தால் தடுப்பு மருந்து பற்றியும் கேளுங்கள்.

கூசும் நேரத்தில் கொண்டையை அவிழ்த்து, தோட்டைக் கழற்றிவிடுங்கள். நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டுவதும், பாசத்தோடு யாராவது தலையைப் பிடித்துவிடுவதும் அப்போது உதவாது. தைலம் சிலருக்குத் தீயாக எரியும். ஐஸ் ஒத்தடமும் எல்லோருக்கும் ஒத்துவராது, சுட்டால் எடுத்துவிடுங்கள்.

வயது 50க்கு மேல், புதிதாக வந்த தலைவலி, நெற்றிப்பொட்டைத் தொட்டால் வலி, மெல்லும்போது தாடை வலி என்றால் கதை வேறு. அது நெற்றிப்பொட்டு ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். பார்வையைப் பறிக்கக்கூடியது என்பதால் அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எரிந்து, சில நாளில் கொப்புளம் கிளம்பினால் அக்கி. அதற்கும் கொப்புளம் கண்ட 3 நாளுக்குள் மருந்து தொடங்குவது நல்லது.