தாத்தாவின் பழைய சைக்கிளைப் புதுப்பிப்பதைப் பொழுதுபோக்காகச் செய்யலாமா? எங்கிருந்து தொடங்குவது?

கொல்லையில் துருப்பிடித்துக் கிடக்கும் சைக்கிளுக்குப் பெயின்ட் அடித்தால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் பெயின்ட் பக்கம் மட்டும் போகாதீர்கள். என் முதல் சைக்கிளில் நான் செய்த தப்பே அதுதான். மட்கார்டு ஓரத்தில் மெல்லிசாகத் தங்கக் கோடு ஓடிய ஹெர்குலிஸ் அது. பட்டறையில் கொடுத்தேன், சுரண்டி எடுத்துக் கறுப்பு அடித்துவிட்டார்கள். கோடும் போச்சு, எழுத்தும் போச்சு. நேற்றுக் கடையில் வாங்கினது மாதிரி நின்றது.

இரண்டாவது, மாமனார் வீட்டு மாட்டுக்கொட்டகையில் கிடந்த ராலி. மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கத் துடைக்க அழுக்குக்கு அடியிலிருந்து பழைய கறுப்பு வந்தது. சீட்டுக்கு அடியில் ஒரு வில்லை. சைக்கிளுக்கும் வரி கட்டி வில்லை மாட்டிய காலத்து மிச்சம். அதை அப்படியே விட்டுவிட்டேன்.

முன்பக்கத்து பேட்ஜை முதலில் படியுங்கள். ராலி என்றால் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் செய்ததும் உண்டு, சென்-ராலி கம்பெனி மேற்கு வங்கத்து ஆசன்சோலில் செய்ததும் உண்டு. நாட்டிங்ஹாம் வண்டியில் ஒரு வம்பு இருக்கிறது: பெடல் அச்சைத் தாங்கும் கப்பின் மரை இஞ்சுக்கு 26 சுற்று. மற்ற இங்கிலீஷ் சைக்கிள்களில் 24. கடையில் கிடைக்கும் கப் ஏறாது, அதனால் பழசைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வலப்பக்கக் கப்பும் இடப்பக்கப் பெடலும் இடது மரை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருகினால்தான் கழலும். இது தெரியாமல் முக்கி முக்கித் திருகி இன்னும் இறுக்கிவைத்தவர்களில் நானும் ஒருவன்.

பொறுமையைச் சோதிப்பது காட்டர் பின். பெடல் மாட்டிய கையை, அதாவது கிராங்க்கை, அச்சோடு பிடித்து நிறுத்தும் சின்ன ஆப்பு, அவ்வளவுதான். வருஷக்கணக்கில் துருவேறினால் கிராங்க்கும் அதுவும் ஒரே இரும்பாகிவிடும். முந்தின ராத்திரியே எண்ணெய் ஊற்றி ஊறவிடுங்கள். நட்டை முழுக்கக் கழற்றாமல் பின்னின் நுனியோடு சமமாக நிறுத்துங்கள். இல்லையென்றால் அடிபட்டு மரை நசுங்கும். கிராங்க்குக்கு அடியில் ஒரு குழாய்த் துண்டை முட்டுக்கொடுத்து, கனமான சுத்தியலால் நச்சென்று ஒரே அடி. டொக்கு டொக்கென்று தட்டினால் பின் வளையுமே தவிர வெளியே வராது. எனக்கு ஒரு பின் வளைந்தது, அதைத் துளை போட்டு எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது.

மற்றதெல்லாம் சுலபம். ஹேண்டில்பார் குரோம்மீது துரு இருந்தால், சாப்பாடு கட்டித் தரும் அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைத் திறக்கும்போது கீழே தாம்பாளம் வையுங்கள், உள்ளே இருக்கும் இரும்புக் குண்டுகள், பால்ஸ், உருண்டு ஓடும். பழைய கிரீஸ் மெழுகாகியிருக்கும், வழித்தெடுத்துப் புதுசு வையுங்கள். 28 x 1½ டயர் இன்னமும் கிடைக்கிறது, கறுப்பு சைக்கிள் இன்னும் விற்கிறதே. ரிம் பெண்டு எடுப்பதை மட்டும் கடைக்காரரிடம் விட்டுவிட்டேன், அந்தக் கை எனக்கு வரவில்லை.

நாலு மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் செய்தேன். மாமா ஏறித் தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்தார். "எல்லாஞ் சரி மாப்ளே, பெல் சத்தம் பத்தலையே" என்றார்.