மாடல் ராக்கெட்டில் பாராசூட் வெளியே வராமல் போவது ஏன்?

மாடல் ராக்கெட் மோட்டாரில் உந்து மருந்து எரிந்து முடிந்ததும், ஒரு தாமத அடுக்கு சில நொடிகள் மெதுவாக எரியும். அது தீர்ந்ததும் முன்பக்கம் இருக்கும் கொஞ்சம் கருமருந்து பற்றிக்கொள்ளும். இதுதான் வெளியேற்று மருந்து. மோட்டாரில் சி6-5 என்று அச்சிட்டிருந்தால், கடைசி 5 அந்தத் தாமதத்தின் நொடிக் கணக்கு.

வெடி என்று சொன்னாலும், வேலையைச் செய்வது சூடான வாயுவின் அழுத்தம்தான். அது குழாய்க்குள் ஏறி, மூக்குக் கூம்பைத் தள்ளி, பாராசூட்டை வெளியே துப்ப வேண்டும். கேஸ்கட் தேய்ந்த குக்கரில் விசில் வராமல் ஓரமாக ஆவி போவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அதே கதைதான். ஒட்டிய இடத்தில் இடைவெளி இருந்தால் வாயு கசிந்துவிடும். மோட்டாரைச் சரியாகப் பிடித்து வைக்காவிட்டால், கூம்புக்குப் பதில் மோட்டாரே பின்னால் தெறிக்கும் (வீட்டில் செய்த ராக்கெட்டுகளில் சகஜம்). கூம்பு ரொம்ப இறுக்கமாக இருந்தாலும் கதை கந்தல்.

அப்புறம், மருந்துக்கும் பாராசூட்டுக்கும் நடுவே தீப்பிடிக்காத காகிதம் வைக்க மறந்தால் பிளாஸ்டிக் பாராசூட் உருகி உருண்டையாகத்தான் வரும்.

‘மருந்து போதவில்லை, கூட்டிவிடலாம்’ என்று பலர் நினைக்கிறார்கள். குறை பெரும்பாலும் கசிவிலோ பொருத்தத்திலோதான் இருக்கும், மருந்தைக் கூட்டினால் குழாய் கிழிவதோடு கையும் போகலாம்.