‘தி லாட்டரி’ சிறுகதையும் ஓமெலாஸ் என்ற நகரத்தைப் பற்றிய சிறுகதையும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றனவா?

மேலோட்டமாகப் பார்த்தால் ஆமாம்: இரண்டிலும் ஊருக்காக ஒருவர் பலிகடா ஆகிறார். ஆனால் ஊர்க்காரர்களுக்கு என்ன தெரியும் என்பதில்தான் வித்தியாசமே.

ஷெர்லி ஜாக்சன் 1948இல் எழுதிய ‘தி லாட்டரி’யில், சுமார் 300 பேர் வாழும் கிராமம். ஜூன் 27 அன்று கறுப்புப் பெட்டியிலிருந்து சீட்டு எடுக்கிறார்கள்: முதலில் ஒரு குடும்பம், பிறகு அதில் ஒருவர். கடைசியில் கறுப்புப் புள்ளி வந்தவரைக் கல்லால் அடிக்கிறார்கள். ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. பழைய சடங்குகளில் பாதி மறந்துபோச்சு, கல் மட்டும் மறக்கவில்லை.

உர்சுலா லெ குவினின் கதையில் (1973) வரும் ஓமெலாஸில் எல்லோருக்கும் தெரியும். நிலவறையில் ஒரு குழந்தை அடைபட்டு வதைபடுவதால்தான் நகரம் செழிக்கிறது. 8 முதல் 12 வயதுக்குள் பிள்ளைகளுக்கே சொல்லிவிடுகிறார்கள். பார்த்து அழுவார்கள், அப்புறம் சமாதானமாகிவிடுவார்கள். சிலர் மட்டும் நகரைவிட்டே போய்விடுகிறார்கள், குழந்தையை மீட்காமலேயே. எனக்கு அதுதான் நெருடல்.

இன்னொன்று: ஓமெலாஸ் குழந்தை முழு நிரபராதி. ஜாக்சனின் கதையில் கல்லடி படும் டெஸ்ஸி அப்படியல்ல. தன் குடும்பத்துக்குச் சீட்டு விழும்வரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவள்தான். விழுந்ததும், தன் ஆபத்தைக் குறைக்க, திருமணமான மகளையும் சீட்டெடுக்க வைக்கப் பார்க்கிறாள். வேறொருவருக்கு விழுந்திருந்தால் அவள் கையிலும் கல் இருந்திருக்கும்.